ஐந்து மேஜைகளும் ஒரு மாடி அறையும்

கட்டட அனுமதி அலுவலகத்துக்கு எதிரே எனக்கு ஒரு பிளான் வரையும் கடை. வீடு கட்டுபவர்களுக்கு வரைபடம் போட்டு, எதிர்ப்புறம் கொண்டுபோய்க் கொடுத்து, அனுமதி வாங்கித் தருவது என் பிழைப்பு. ஆகவே அந்த அலுவலகத்தின் மீது எனக்குத் தீராத வயிற்றெரிச்சல் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அங்கே ஐந்து மேஜைகள். ஒருவர் ஓய்வு பெற்றார். இருவர் மாற்றலில் போனார்கள். இன்னொருவர் வேறு நல்ல வேலை கிடைத்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினார். போனவர்களுக்குப் பதிலாக மேலிடம் ஆள் அனுப்பவில்லை, ‘கூடுதல் பொறுப்பு’ என்று உத்தரவுதான் அனுப்பியது. எல்லாம் மிஞ்சியிருந்த ஒரே அம்மாவின் தலையில் விழுந்தது. முதல் மேஜையில் உட்கார்ந்து மனுவை வாங்குவார். அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போய்ப் படத்தைச் சரிபார்ப்பார். கடைசி மேஜையில் உட்கார்ந்து, தானே எழுதிய குறிப்பை யாரோ எழுதியது மாதிரி ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்யலாமே என்றால், “அந்தந்த வேலைக்கு அந்தந்த சீட்டு. எல்லாத்தையும் கலந்தா தப்பு கண்ணுக்குத் தெரியாது” என்பார். வரிசையும் அவர் பின்னாலேயே மேஜை மேஜையாக நகரும். ‘இசை நாற்காலி’ என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தது நான்தான். பாட்டு ஒன்றுதான் குறை.

கணவர் இறந்து வருடக்கணக்காகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். இருட்டும்வரை அலுவலகத்திலேயே கிடப்பார்.

ஒரு நாள் அவருடைய தம்பி என் கடைக்கு வந்தார். மாடியில் ஓர் அறை எழுப்ப வேண்டுமாம்.

“அக்காவுக்குத்தாங்க. தனியா இருந்து அல்லாடுறாங்க. எங்களோட வந்து இருக்கட்டும்.”

அக்காவின் அறைக்கு அக்காவே கையெழுத்து, இதைவிட லேசான வேலை உண்டா என்று அன்றைக்கே வரைந்து கொண்டுபோனேன். அந்த அம்மா மனுதாரர் பெயரைப் பார்த்தார். ஃபைலை மூடிவிட்டார்.

“இது என் தம்பியோடது. சொந்தக்காரங்க ஃபைல்ல நான் கையெழுத்துப் போடக்கூடாது. வேற அதிகாரிதான் போடணும்.”

“வேற அதிகாரி எங்க மேடம் இருக்காங்க?”

“இல்ல.”

“உங்களுக்குன்னு கட்டுற ரூம் மேடம் அது.”

“தெரியும். அப்போ இன்னுமே கூடாது.”

வேறு ஆள் கேட்டு மேலிடத்துக்கு எழுதினார். தாங்களே கவனித்துக்கொள்ளவும் என்று பதில் வந்தது. தம்பி ஃபைலை நானே எப்படிக் கவனிப்பது என்று மறுபடி எழுதினார். அதற்குப் பதிலே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் உள்ளவன் வீட்டுக்கெல்லாம் மாடி எழும்ப இவர் கை வேண்டும், இவருக்கு ஓர் அறை எழும்ப மட்டும் அந்தக் கை ஆகாது என்றால் என்ன நியாயம்? அவரோ தம்பி வந்து கேட்கும்போதெல்லாம் “ஆள் வரட்டும்டா” என்று அனுப்பிவிடுவார். அந்த அறைக்கென்று திரைச்சீலை வாங்கி வைத்திருப்பதாக என்னிடம் ஒரு நாள் வாய்தவறிச் சொன்னார். சொல்லிவிட்டு வெட்கப்பட்டார்.

ஒருவழியாக மேலிடத்துக்கு உறைத்தது. புதிதாகத் தேர்வான நான்கு பேர் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். அவர் முதலில் எடுத்து நீட்டியது தம்பியின் ஃபைலைத்தான். புது அதிகாரி இடத்தைப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போட, நான் அனுமதியோடு தம்பி வீட்டுக்கு ஓடினேன்.

தம்பியின் முகம் மலரவில்லை. போன மாதம் அவருடைய மகள் புருஷன் வீட்டில் ஒத்துவராமல் கைக்குழந்தையோடு திரும்பி வந்துவிட்டாளாம்.

“மாடி இனிமே அவளுக்குத்தாங்க. அக்காகிட்ட எந்த முகத்தோட சொல்றதுன்னு தெரியல. நீங்களே பக்குவமா சொல்லிடுங்களேன்.”

பக்குவமெல்லாம் எனக்கு வராது. அலுவலகத்துக்கு வந்ததும் அந்த அம்மாவிடம் போட்டு உடைத்துவிட்டேன்.

“குழந்தையோட வந்திருக்கா. அவளைத் தனியா விடக்கூடாதுல்ல” என்றார். பிறகு அடுத்தவரின் மனுவைக் கையில் வாங்கினார்.

இப்போதெல்லாம் அலுவலகத்தில் வேலை ஐந்து மணிக்கே முடிந்துவிடுகிறது. அன்று சாயங்காலம் புது ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டே கிளம்பிப் போனார்கள். அவர் கடைசியாக வெளியே வந்து கதவைப் பூட்டினார். பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நாலடி நடந்தார். நின்றார். சாலையைக் கடந்து என் கடைக்கு வந்தார்.

“கிளம்பிட்டீங்களா?”

“இல்ல, சொல்லுங்க மேடம். பிளான்ல ஏதாவது தப்பா?”

“தப்பெல்லாம் இல்ல. முன்னெல்லாம் வேலை இருந்துச்சு, பொழுது போறதே தெரியாது. இப்போ வெளிச்சத்தோட வீட்டுக்குப் போனா சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கணும். பயமா இருக்கு. கொஞ்ச நேரம் இங்க உக்காரட்டுமா?”

ஆள் போடு, ஆள் போடு என்று இத்தனை வருடமாகத் தொண்டை கிழியக் கத்தியவன் நான். பாதி இறக்கியிருந்த ஷட்டரை மறுபடி மேலே தள்ளிவிட்டு, உள்ளே விளக்கைப் போட்டேன்.