பாடு இல்லாத நாள்

நான் பொறுப்பேற்று நடத்திய மென்பொருள் திட்டம் பாதியில் கைவிடப்பட்டது. அதோடு என் சென்னை வேலையும் போயிற்று, கடலோரத்துச் சொந்த ஊரான கோட்டுச்சேரிமேட்டுக்கே திரும்பிவிட்டேன். அதன்பின் போன நேர்காணல்களில் எல்லாம் ஒரே கேள்வி: கடைசித் திட்டம் என்னவாயிற்று? நான் மழுப்புவேன். அவர்கள் சிரித்து அனுப்பிவிடுவார்கள்.

வேலை தேடுகிறவர்கள் கூடும் வலைத்தளத்தில் நாலு பேரைப் பிடித்தால் வழி பிறக்கும் என்றார்கள். திட்ட மேலாளர்களாகத் தேடித் தேடி நட்புக் கேட்டேன். தினமும் தலைமைப் பண்பு பற்றி ஆங்கிலத்தில் உபதேசம் எழுதினேன். தன் வேலையையே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாதவளின் உபதேசம்! ஒருவரும் சீந்தவில்லை. விசைப்படகு ஓட்டும் என் அண்ணன் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்.

"என்னம்மா, போன்லயும் வலை போடுற போல?"

ஒன்பதாவது நேர்காணலும் கைநழுவிய அன்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. உபதேசத்தை மூட்டை கட்டிவிட்டு, தமிழில் ஒரே வரி போட்டேன்: "இன்றும் பாடு இல்லை."

மாலைக்குள் வாழ்த்துகள் குவிந்தன. கஷ்டம் தீர்ந்ததில் மகிழ்ச்சி என்றார் ஒருவர். விருந்து எப்போது என்றார் இன்னொருவர். எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. எங்கள் கரையில் பாடு என்றால் வலையில் விழும் மீன். படகு வந்து ஒதுங்கியதும் முதல் கேள்வியே "பாடு எப்படி?" என்பதுதான். வெளியூர்க்காரர்களுக்கோ பாடு என்றால் துன்பம். என் வெறுங்கையை அவர்கள் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கோபத்தில் நீளமாகவே விளக்கம் எழுதினேன். பாடு இல்லாமல் வந்த படகில் யாரும் அதை மறைக்க முடியாது. ஐஸ் பெட்டி காட்டிக்கொடுத்துவிடும். காற்றா, நீரோட்டமா, போன இடமே தப்பா என்று வலையை உதறும்போதே பேசிவிடுவார்கள். மறுநாள் கடலுக்குப் போக அந்தப் பேச்சு வேண்டும். நானோ எட்டு மாதமாக மறைக்கிறேன். வாடிக்கையாளர் திட்டத்தை முடிக்கும் கெடுவைக் குறைக்கச் சொன்னபோது முடியாது என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை, தப்பு என்னுடையதுதான். அதையும் அப்படியே பதிவிட்டேன்.

கோவையிலிருந்து ஒரு பெண் தன்னுடைய பாடு இல்லாத திட்டத்தைப் பற்றி எழுதினார். அடுத்து, பாலம் கட்டும் வேலையை நடத்துகிற ஒருவர். சில வாரங்களில் நாங்கள் ஒரு குழுவாகிவிட்டோம். வெள்ளிக்கிழமைதோறும் ஒருவர் தன் தோல்வியைச் சொல்வார், மற்றவர்கள் காரணம் தேடுவார்கள். இத்தனை பேர் தடுக்கி விழுந்திருக்கிறார்களா என்று எனக்கு அப்படியொரு ஆறுதல்.

அந்தக் குழுவில் ஒருவர்தான் தம் நிறுவனத்தில் என்னைப் பற்றிச் சொன்னார். வீட்டிலிருந்தபடியே நேர்காணல். அதே கேள்வி வந்தது. இந்த முறை மழுப்பவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். கேள்வி கேட்ட பெண்மணி பேனாவைக் கீழே வைத்தார்.

"எங்ககிட்டயும் அந்த மாதிரி வாடிக்கையாளர்கள் இருக்காங்க. நீங்க நாளைக்கே சேர முடியுமா?"

"முடியாதுங்க. திங்கக்கிழமை சேர்றேன்."

வாய் தவறிச் சொன்னதல்ல. அவர் வாய்விட்டுச் சிரித்தார், திங்கட்கிழமை என்றே எழுதிக்கொண்டார்.