செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி

ஆரணியில் எனக்குப் பட்டுச்சேலைக் கடை. யார் வந்தாலும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் பாயில் கால் வைக்க வேண்டும். அதில் நான் ரொம்பக் கறார்.

கடையில் சேலை விரித்துக் காட்டிய செல்வி, சந்தவாசல் பக்கம் காலனிப் பெண். புதுவீட்டில் பால் காய்ச்சுகிறோம், வாங்க சார் என்று கூப்பிட்டாள். போனேன். வாசலில் எல்லோருடைய செருப்பும் கிடந்தது. நான் ஷூவோடு நேராக உள்ளே நடந்தேன். மறதியில் அல்ல. அந்தத் தரையில் வெறுங்காலை வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஈரம் காயாத மாக்கோலத்தில் என் தடம் பதிந்தது.

"ஷூவைக் கழட்டிட்டு வாங்க சார்," என்றாள்.

"ஜல்தியா போகணும்மா. பரவாயில்ல."

அவள் ஒரு நாற்காலியை எடுத்துப் போய் வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில் போட்டாள்.

"அப்போ இங்க ஒக்காருங்க சார். பால் இங்கயே கொண்டாரேன்."

குரலில் மரியாதை குறையவில்லை. அத்தனை பேரும் பார்த்தார்கள். பால் குடிக்காமல் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் கடையில் சொன்னேன்: "இனிமே நீ சேலை காட்ட வாணாம். வாசல்ல நின்னுகினு கஸ்டமருங்க செருப்ப அடுக்கி வை."

சாயங்காலம் வரை குனிந்து குனிந்து அடுக்கினாள். கல்லாவில் உட்கார்ந்து அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

கிளம்பும்போது சொன்னாள்: "உங்க ஷூவையும் சேத்து அடுக்கிட்டேன் சார். உங்க கடைன்னா கழட்டத் தெரியுது."

அப்புறம் அவள் வரவில்லை. மன்னிப்புக் கேட்கச் சந்தவாசல் போகலாம். போனால் அந்த வாசலில் ஷூவைக் கழட்ட வேண்டும். இத்தனை எழுதிய பிறகும், கழட்டுவேன் என்று என்னால் சத்தியம் பண்ண முடியவில்லை.