முள்ளில் மறந்த நாலு றாத்தல்

போன செவ்வாய்க்கிழமை காலை ஹட்டன் கடைவீதியில் மருந்து வாங்கிக்கொண்டு நின்றேன். சவரிமுத்துவின் மருமகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தான். “மாமா போயிட்டாருங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுச் சாஞ்சாரு, அவ்வளவுதான்” என்றான். “போடா, முந்தாநாள்தானே என் வழுக்கையைக் கிண்டல் பண்ணினான்” என்று அவன்மேல் எரிந்து விழுந்தேன். மருந்தைக் கடையிலேயே விட்டுவிட்டு நோர்வூட் பஸ்ஸில் ஏறினேன்.

‘அவர்’ என்று எழுத வேண்டிய இடம் இது. எனக்கு வரவில்லை. நான் அந்தக் காலத்தில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் சின்னக் கணக்கப்பிள்ளை. அவன் அந்தக் கொழுந்துச் சாக்கைத் தேயிலை ஆலைக்குச் சுமப்பவன். இருவருக்கும் ஒரே வயது. நான் அவனை ‘டேய்’ என்பேன், அவன் என்னை ‘கணக்கப்புள்ள’ என்பான். சாகும்வரை அப்படித்தான் இருந்தோம்.

அவனுக்காகப் பத்திரிகையில் ஆறு வரி போட்டிருக்கிறார்கள். மூன்றாவது குத்துச்சண்டைப் பட்டத்துக்காக ‘துணிச்சலாக ஓர் எடைப்பிரிவையே தாண்டிக் குதித்த வீரர்’ என்று அதில் இருக்கிறது. துணிச்சல் அவனுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அவனைக் குதிக்கவைத்தது யார் தெரியுமா? நான். இத்தனை காலம் அவன் சொல்லவில்லை, என்னையும் சொல்லவிடவில்லை. இனி அவன் என் வாயைப் பொத்த முடியாது.

முப்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் தோட்டத்துக்குப் புதிதாக வந்த வெள்ளைக்காரச் சின்னத்துரைக்குக் குத்துச்சண்டைப் பைத்தியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்தடிக்கும் திடலில் கையுறையை எடுத்துப்போட்டு, “யாரு வாறது?” என்றார். சவரி போனான். இரண்டாவது நிமிஷம் துரை தரையில் உட்கார்ந்திருந்தார். வேலை நீக்கும் பற்றுச்சீட்டைக் கிழித்துக் கொடுத்துக் குடும்பத்தோடு அனுப்பிவிடுவார்கள் என்று நாங்கள் நடுங்கினோம். துரை மூக்கைத் துடைத்துக்கொண்டு, “நாளைக்கும் வா” என்றார்.

அப்படித் தொடங்கியது. முதலில் நூற்றுப்பன்னிரண்டு றாத்தல் பிரிவில் பட்டம். ஒரு வருஷம் கழித்து நூற்றுப்பதினெட்டில். அடுத்தது நூற்றிருபத்தாறு. மூன்று எடையில் பட்டம் வாங்கியவன் எங்களுக்குத் தெரிந்து அதுவரை ஒருவனும் இல்லை. “இருக்கிறது போதாதாடா, எதற்கு உன்னைவிடப் பெரிய ஆட்களிடம் போய் அடி வாங்குகிறாய்?” என்று கேட்டேன். “மலையில பொறந்துட்டு ஏறாம இருக்க முடியுங்களா கணக்கப்புள்ள?” என்றான்.

ஏறுவதற்கு உடம்பு வேண்டுமே. எதிராளிகள் எல்லாம் எடையின் உச்சியில் நிற்பவர்கள். இவனும் நூற்றிருபத்தாறைத் தொட்டாக வேண்டும். தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பெண்கள் வீட்டுக்கு ஒரு முட்டை கொடுத்தார்கள். அவன் அம்மா மரியாயி, கொழுந்தெடுத்துவிட்டு வந்து ரொட்டி தட்டித் தட்டிப் போட்டாள். எடை பார்ப்பது என் பொறுப்பு. மேடைத் தராசு எங்களுக்கு ஏது? கொழுந்துக் கூடை மாட்டும் கொக்கியில் இரண்டு கையாலும் தொங்குவான், காலை மடக்கிக்கொள்வான், நான் முள்ளைப் பார்ப்பேன். புறப்படுவதற்கு முதல்நாள் முள் நூற்றிருபத்தாறில் அச்சாக நின்றது. “கூடையில்லாத கொழுந்துங்க நான்” என்று தொங்கியபடியே சிரித்தான். அப்போதாவது என் மரமண்டைக்கு உறைத்திருக்க வேண்டாமா?

போட்டி நடந்த நுவரெலியாவில் காலையில் எடை பார்த்தார்கள். மண்டபத்தில் பெரிய இரும்புத் தராசு. சவரி ஏறி நின்றான். நூற்றுமுப்பது! இறங்கி மறுபடி ஏறினான். அதே நூற்றுமுப்பது. நாலு றாத்தல் கூடுதல், இந்தப் பிரிவில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு அந்த நாலு றாத்தல் எங்கிருந்து வந்தது என்று அந்த நொடியில் தெரிந்துவிட்டது. கொழுந்து நிறுக்கும்போது கூடையின் எடையைக் கழிக்க வேண்டும் அல்லவா? அதற்காக வெறும் தராசின் முள்ளை நாலு றாத்தல் பின்னால் தள்ளி வைத்திருப்போம். கூடையை மாட்டினால் முள் சுழியத்துக்கு வரும். இவன் கூடையில்லாமல் தொங்கினான். நாள்தோறும் முள்ளைப் பின்னுக்குத் தள்ளிய இந்தக் கை, அதை அடியோடு மறந்துவிட்டது. அவன் காதில் சொன்னேன்.

எங்கள் தோட்டத்துப் பெரியதுரை முகம் சிவக்க வந்தார். எங்கள் தோட்டத்தான் மூன்றாம் பட்டம் வாங்குவான் என்று மற்றத் துரைமாரிடம் அளந்து வைத்திருந்தவர். “யாரு எடை நிறுத்தது?” என்று கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் சவரி முன்னால் போய் நின்றான். “நான்தாங்க தொரை. வேணும்னுதான் தின்னேன். இதுக்கு மேல இருக்கிற பிரிவுல நிக்கிறேங்க.” மேலே இருந்தது நூற்றுமுப்பத்தைந்து. அதன் சாம்பியன் கொழும்பிலிருந்து வந்த பட்டாளத்துக்காரன், இவனைவிட ஒரு சாண் உயரம்.

வெளியே இழுத்துக்கொண்டு போய், “மாதா மேல சத்தியமாச் சொல்றேன், வேணாம்டா, கொன்னுபோடுவான்” என்று அழுதேன். சைவக்காரன் நான், அவன் மாதாவின்மேல் சத்தியம் செய்திருக்கிறேன், பாருங்கள். அவன் அதைக் கவனிக்கவே இல்லை. முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது. “அது கெடக்கட்டுங்க. கூடைய முள்ளுலயே கழிச்சாச்சின்னா, பொஸ்தகத்துல எழுதும்போது கூடைக்குன்னு ரெண்டு றாத்தல் திரும்பக் கழிக்கிறீங்களே, அது எதுக்குங்க?” என்று கேட்டான்.

எனக்கு முன்னிருந்தவர் அப்படித்தான் செய்தார், நானும் செய்தேன். ஒரு நாளில் மூன்று நிறுவை. நிறுவைக்கு ரெண்டு றாத்தல். குறித்த எடை சேராதவளுக்கு அன்று அரைநாள் கூலிதான். மரியாயி எத்தனை நாள் ரெண்டு றாத்தல் குறைந்து அரைநாள் கூலியோடு போயிருக்கிறாள்! அவள் கூடையை நிறுத்ததும் நான்தான். தலையைக் குனிந்துகொண்டேன். அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மாலையில் சண்டை. திம்புள்ளைப் பக்கத்திலிருந்தெல்லாம் லொறியில் ஆட்கள் வந்து மண்டபத்துக்கு வெளியிலும் நின்றார்கள். முதல் சுற்றிலேயே சவரி விழுந்தான். எட்டு எண்ணும்போது எழுந்தான். மூலையில் வந்து உட்கார்ந்தவன் வாய் ரத்தத்தைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தான். “மூஞ்சியத் தூக்குங்க கணக்கப்புள்ள. அடி வாங்கினது நானா, நீங்களா?” ஐயோ, அந்த நேரத்திலும் கிண்டல்!

இரண்டாவது சுற்றில் குனிந்து உள்ளே போனான். சாக்குச் சுமந்த தோள் அது, குனிந்தபடியே எவ்வளவு நேரமும் நிற்கும். பட்டாளத்தானின் நீண்ட கைகளுக்குக் கிட்டத்தில் வேலையில்லை. விலாவில் இடது, வலது, மறுபடி இடது. “விடாதடா மவனே!” என்று மரியாயி போட்ட கூச்சல் துரைமார் இருந்த வரிசையையே திரும்பிப் பார்க்க வைத்தது. மூன்றாம் சுற்றில் பட்டாளத்தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். மத்தியஸ்தர் சவரியின் கையைத் தூக்கினார். மூன்று பட்டம்! நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. மறுநாள் தொண்டை கட்டியிருந்தது.

பெரியதுரை மேடைக்கே ஏறி வந்துவிட்டார். அத்தனை துரைமாரும் பார்க்க, “என்னா வேணும் சவரி? கேளு, தாறேன்” என்றார். காணி கேட்பான், கங்காணி வேலை கேட்பான் என்று நினைத்தேன்.

“கொழுந்து நிறுக்கையில கூடைய ஒரு தடவ கழிச்சாப் போதும்னு உத்தரவு போடுங்க தொரை. இப்ப ரெண்டு தடவ கழியுது” என்றான். எனக்கு உயிர் போய் வந்தது. அடுத்த வார்த்தையில் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவன் சொன்னது இது: “நம்ம கணக்கப்புள்ள ரொம்ப நாளா உங்ககிட்ட சொல்லணும்னு தவிக்கிறாருங்க. பயந்துகிட்டு இருக்காரு.”

துரை என் பக்கம் திரும்பினார். “மெய்தானா?”

வேலை போகலாம். குடியிருந்த வீடு போகலாம். சவரி மூக்கில் ரத்தம் வழிய என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த முகத்துக்கு முன்னால் வேறு என்ன சொல்லிவிட முடியும்? “மெய்தாங்க தொரை” என்றேன்.

திங்கட்கிழமை காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் உத்தரவைப் படித்தார்கள். வாக்குக் கொடுத்தது மற்றத் துரைமார் முன்னால் அல்லவா, அவரால் பின்வாங்க முடியவில்லை. அன்று மரியாயி கூடையை மாட்டினாள். முள் காட்டியதை அப்படியே எழுதினேன். “இன்னிக்கிக் கூடுதலா எடுத்துட்டேனா?” என்று கேட்டாள். “தினமும் இவ்வளவுதாங்க ஆத்தா எடுத்தீங்க” என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த வருஷம் சவரி எடை குறைத்து, இடையில் விட்டுப்போன நூற்றிருபத்தாறையும் வாங்கினான். நாலு பட்டம். நான் முள்ளை மறந்ததை அப்போதும் அவன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நான் சொல்லப் போகும்போதெல்லாம், “சும்மா இருங்க. அந்தத் தப்பு இல்லேன்னா நான் அம்மாம் பெரிய ஆள அடிச்சிருப்பேனா?” என்று அடக்கிவிடுவான்.

தோட்டத்து அன்பர்களே, ஏழை வயிற்றில் அடிக்காத கணக்கப்பிள்ளை, துரைக்கே எதிரே நின்று நியாயம் கேட்டவன் என்று நீங்கள் எனக்கு மாலை போட்டிருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கு என் பேரை வைத்திருக்கிறீர்கள். நான் சொல்லத் தவித்தேன் என்று அந்த மேடையில் அவன் பொய் சொன்னான். அந்தப் பொய் பொய்யாகிவிடக் கூடாதே என்று பயந்து, வேலையை விடும்வரை ஒரு றாத்தலும் குறைக்காமல் எழுதினேன். சவரியிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த நல்ல பேர் ஒன்றுதான். அவன் வென்ற ஐந்தாவது பட்டம் அது. இத்தனை வருஷம் அதை நான் போட்டுக்கொண்டு திரிந்தேன்.