அப்பா நடத்திய பின்னக் கணக்கு

எங்கள் அப்பா மைக் செட் வைத்திருந்தவர். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரைச் சுற்றிப் பத்துக் கிராமங்களில் காதுகுத்தோ கல்யாணமோ எது நடந்தாலும் அவருடைய ஒலிபெருக்கிக் குழாயைத்தான் கட்டுவார்கள். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்களும் அவரைத்தான் தேடி வருவார்கள். ஆனால் அத்தனை வருஷத்தில் அந்த மைக்கில் அவர் பேசியது மூன்றே வார்த்தை: ஒன், டூ, த்ரீ. பிறகு அதைத் துண்டால் துடைத்து, பேசப் போகிறவர் கையில் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்வார்.

கொரோனா வந்த வருஷம் கல்யாணமும் திருவிழாவும் நின்றன. பள்ளிக்கூடமும் மூடிவிட்டார்கள். அம்மா, எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் படித்த பக்கத்து ஊர்த் தொடக்கப்பள்ளியில் டீச்சர். பாடங்களைப் போனில் அனுப்பச் சொன்னார்கள். எங்கள் ஊரில் பாதி வீட்டில் அப்படிப்பட்ட போன் கிடையாது. இருந்த வீட்டிலும் அது பெரியவர்கள் சட்டைப் பையில் வயலுக்குப் போய்விடும். அம்மாதான் ஊராட்சித் தலைவரிடம் கேட்டுவிட்டு வந்து, சும்மா கிடக்கிற குழாய்களைத் தெருவுக்கு ஒன்றாகக் கட்டச் சொன்னாள். காலை ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவள் பாடம் சொல்ல, ஊர்ப் பிள்ளைகள் அவரவர் வாசலில் உட்கார்ந்து எழுதுவார்கள். சுவிட்ச் போடுவதும் அணைப்பதும் என் பொறுப்பு. ஊரில் ஒருவரும் பள்ளிக்கூடம் போகாத நாளில் எங்கள் வீட்டிலிருந்தே பள்ளிக்கூடம் கிளம்பிப் போகிறது என்பதில் எனக்குத் தலை கால் புரியவில்லை.

இரண்டாவது வருஷமும் அப்படியே போயிற்று. நான் ஐந்தாவதுக்கு வந்திருந்தேன். அம்மாவோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவர் இறந்துபோனார். போய்ப் பார்க்கக்கூட முடியவில்லை. மாடு, சமையல், பாடம், போனில் திருத்த வேண்டிய நோட்டுகள் என்று அம்மாவுக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றாகிவிட்டன. அப்பாவோ சவரம் செய்வதைக்கூட விட்டுவிட்டார். காலையில் கூடத்தில் உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிடும்வரை எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

குறுவை நடவு நடந்துகொண்டிருந்த ஒருநாள், பாடம் முடிகிற நேரத்தில் எங்கள் கன்றுக்குட்டி கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடியது. நான் போட்டது போட்டபடி அதன் பின்னால் ஓடினேன். தெருக்கோடி வேப்பமரத்தடியில் அதைப் பிடித்தபோது, தலைக்கு மேல் குழாயில் அம்மாவின் குரல் கேட்டது. பாடம் சொல்கிற குரல் இல்லை.

"யார்கிட்ட பேசுறேன்னே தெரியலைங்க. ஒரு முகம் தெரியல. நீங்களும் அந்தச் சுவரையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. நான் யார்கிட்ட போய்ச் சொல்ல? எனக்கு முடியலைங்க. நாளைக்கு என்னை எழுப்பாதீங்க."

பிறகு அவள் அழுவதும் கேட்டது. வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் கையில் நாற்றோடு நிமிர்ந்து நின்றார்கள். அப்போதுதான் சுவிட்ச் நினைவுக்கு வந்தது. கன்றை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். "அம்மா, மைக்" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. அப்பா எட்டி சுவிட்சை அணைத்தார். அம்மா என்னைத் திட்டவில்லை. எழுந்து உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஊரில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. எதிர்வீட்டுப் பெரியம்மா மட்டும் முகக்கவசத்தோடு வாசல் படலுக்கு வெளியே நின்று, இரண்டு நாளைக்கு உலை வைக்க வேண்டாம், சோறும் குழம்பும் தானே கொடுத்தனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் அப்பா என்னைக் கொல்லைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அடி விழப் போகிறது என்று நினைத்தேன். அவர் என் கணக்குப் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி, நாளைக்கு அம்மா நடத்த வேண்டிய பக்கத்தைப் பிரித்தார். பின்னம்.

"இது என்னான்னு சொல்லு பாப்போம்" என்றார்.

அம்மா சென்ற வருஷமே எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஒரு தோசையை நான் தனியாகத் தின்றால் ஒன்று, தம்பியோடு பங்கு போட்டால் அரை, மாமா பிள்ளைகள் இரண்டு பேரும் வந்துவிட்டால் கால் என்றேன். கீழே இருக்கிற எண் பெரிதாகப் பெரிதாகத் துண்டு சின்னதாகும் என்றேன். அப்பா விடவில்லை. மாமா பிள்ளைகள் வராவிட்டால் என்ன, அரையும் காலும் சேர்ந்தால் என்ன, ஏன் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எல்லாவற்றுக்கும் நான் தப்பில்லாமல் பதில் சொன்னேன். சுவிட்ச் விஷயத்துக்கு இதுதான் தண்டனை போலிருக்கிறது, தப்பித்துவிட்டோம் என்று இருந்தது.

மறுநாள் அப்பா சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சுவிட்சைப் போட்டேன். ஒன், டூ, த்ரீ என்றார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. மைக்கைத் துடைத்தார்.

"டீச்சருக்கு இன்னிக்கு லீவு. நான்தான் பேசுறேன். எல்லாரும் ஒரு தோசையை நெனச்சுக்குங்க."

தம்பி வந்தான், மாமா பிள்ளைகள் வந்தார்கள், கீழே இருக்கிற எண் பெரிதாகத் துண்டு சின்னதானது. நான் நினைத்த மாதிரியே அப்பாவும் தோசையை நினைத்திருக்கிறாரே என்று பூரித்துப்போனேன். போகப் போக அவருக்குக் குரல் திறந்துகொண்டது. நம் வீட்டிலிருந்து குளத்தங்கரைக்கு ஒரு கட்டு ஒயர் சரியாக இருக்கும், பாதி வழியில் பிள்ளையார் கோயில், அப்படியானால் கோயில்வரை எவ்வளவு என்று தோசையை விட்டு ஒயருக்குத் தாவினார். வேப்பமரம்வரை முக்கால் கட்டு. தெருக்களை எல்லாம் அளந்து அளந்து பின்னமாக்கினார். பாடம் முடிந்ததும், நடவிலிருந்து கரையேறி வரப்போடு வந்த ஒரு வயதான அம்மாள், "தோசைக்குச் சட்னி ஒண்ணும் இல்லியா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போனார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அப்பா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அதன் பிறகு பள்ளி திறக்கும்வரை வாரத்தில் இரண்டு நாள் கணக்கு அப்பாவுடையது. அந்த நாட்களில் அம்மா ஒன்பது மணிவரை தூங்கினாள். இப்போது நான் தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். அப்பா நான்காம் வகுப்பை முடிக்காதவர் என்பது விண்ணப்பம் நிரப்பும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த முதல் நாள் வகுப்பு முடிந்ததும் நான் உள்ளே ஓடி, படுத்திருந்த அம்மாவிடம், "அப்பாவுக்கு அஞ்சாவது கணக்கு முழுசும் தெரியுதும்மா. நேத்தே எனக்கு டெஸ்ட் வச்சாங்க" என்றேன். அம்மா என்னை இழுத்துப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. இன்னும் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன்.