விசில் வராமல் வண்டி நகராது

1. கடத்தூரில் விட்டுப்போன வண்டி

டவுன் பஸ் கண்டக்டர் எதை வேண்டுமானாலும் தொலைக்கலாம், பஸ்ஸைத் தொலைக்கக்கூடாது. நான் தொலைத்தேன். கடத்தூர் பஸ் ஸ்டாண்டில் டீ கிளாஸும் கையுமாக நின்றிருந்த என் கண் முன்னாலேயே, என் வண்டி என் பயணிகளோடு தருமபுரிக்குக் கிளம்பிப் போய்விட்டது.

ஓட்டியவர் மாதப்பன். நானும் அவரும் பல வருடமாக ஒரே செட். பின்னால் வரும் தனியார் பஸ் முந்திக்கொண்டால் ஆட்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும் என்று அவருக்கு எப்போதும் ஒரு பதற்றம். இரண்டு விசில் வந்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும். இது இந்த வேலையின் அரிச்சுவடி. அன்று அவர் விசிலுக்குக் காத்திருக்கவில்லை. நான் ஒரு பால் வேனைப் பிடித்து, கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து துரத்திப் போய் ஏறினேன். பஸ்ஸே சிரித்தது.

சிரிப்பைப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் மாதப்பன் தன் மேல் தப்பு வரக்கூடாது என்று, "கண்டக்டர் டீ குடிக்கப் போய்விட்டார், டியூட்டியில் இல்லை" என்று டிப்போவில் எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு மெமோ வந்தது. என் சர்வீஸில் அதுதான் முதல் மெமோ.

அது, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு அடுத்த நாள். அந்தத் தவக்காலத்தில் நான் இரண்டை விட்டேன். ஒன்று கறி, இன்னொன்று மாதப்பனோடு பேச்சு.

2. காவேரியக்கா வழியாக

டிரைவரும் கண்டக்டரும் பேசாமல் பஸ் ஓடுமா என்று கேட்காதீர்கள். ஜோராக ஓடும். ஒரு விசில் நிறுத்த, இரண்டு விசில் கிளம்ப. அதற்கு மேல் எங்களுக்கு என்ன தேவை? தேவைப்பட்டால் காவேரியக்கா இருந்தார். தினமும் சாமந்திப்பூக் கூடையோடு வந்து டிரைவர் பக்கத்துச் சீட்டில் உட்காருகிற பூ வியாபாரி.

"அக்கா, டீசல் போட்டாச்சான்னு கேளுங்க."

"டிரைவரே, டீசல் போட்டாச்சான்னு கேக்குறாருங்க."

"போட்டாச்சுன்னு சொல்லுங்கக்கா."

இத்தனைக்கும் நாங்கள் மூவரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தோம். அக்காவுக்கே ஒருநாள் அலுத்துவிட்டது. "எனக்கு டிக்கெட்டு இலவசம்ங்கிறதுக்காக வேலையும் இலவசமாவா வாங்குவீங்க?" என்றார்.

வீட்டில் என் மனைவி ஆரோக்கியமேரி அதற்கும் மேல். "கறியைத்தான வுட்டீங்க, கோவத்தை வுடலியே. ஆண்டவருக்கு உங்க கறியை வெச்சி என்ன வேலைங்க?" காதில் விழாதவன்போலக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தைய பரிசுத்த வாரத்தில், செய்த பாவத்தைச் சொல்ல எங்கள் கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஒருவர் மேல் கோபமாக இருந்தேன் சாமி, இப்போது மனசுக்குள் மன்னித்துவிட்டேன் என்றேன். பொய் இல்லை, கோபம் உண்மையாகவே ஆறியிருந்தது. வழக்கம்போல மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"நீங்க மன்னிச்சது அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டார் சாமியார்.

"தெரியாதுங்க சாமி."

"விசிலை மனசுக்குள்ள ஊதினா டிரைவருக்குக் கேக்குமா? அவர்கிட்டப் போய்ச் சொல்லுங்க. அதுதான் உங்களுக்குப் பரிகாரம்."

மறுநாள் காலை அதே சாமியார் என் பஸ்ஸில் ஏறினார். "தருமபுரி ஒண்ணு" என்று டிக்கெட் வாங்கிக்கொண்டு, முதல் முறையாகப் பார்ப்பவர்போல வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். பாவசங்கீர்த்தன ரகசியத்தைக் காப்பது என்றால் அப்படிக் காக்க வேண்டும். எனக்கு மட்டும் முதுகு குறுகுறுவென்றது.

அன்று மாதப்பனிடம் என்னால் சொல்ல முடியவில்லை. பெரிய வெள்ளிக்கு லீவு. சனிக்கிழமை வேலைக்கு வந்தால் காவேரியக்கா ஒரு சேதி வைத்திருந்தார். மாதப்பன் கேட்டிருந்த டிரான்ஸ்ஃபர் கிடைத்துவிட்டது, திங்கள் முதல் அவருடைய ஊர்ப்பக்கம் பாலக்கோட்டு டிப்போ. அன்றுதான் எங்கள் செட்டுக்குக் கடைசி நாள். சொல்லாமல் அவரை அனுப்பிவிட்டு, மறுநாள் ஈஸ்டர் பூசையில் எந்த முகத்தோடு நற்கருணை வாங்குவேன்?

3. இரண்டு டீ

கடைசி நடை, மாலையில் கடத்தூரிலிருந்து. நான் இறங்கி அதே டீக்கடைக்குப் போனேன். கூட்டம் அதிகம். இரண்டு டீ வாங்குவதற்குள் கிளம்பும் நேரம் தாண்டிவிட்டது. தனியார் பஸ் பின்னால் வந்து நின்று ஹாரனால் ஊரைக் கூட்டியது. பஸ்ஸுக்குள் ஆட்கள், "எடுங்க டிரைவரே, கண்டக்டர் பால் வேன்ல வந்துக்குவாரு" என்று கத்தினார்கள்.

மாதப்பன் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்துவிட்டார். "விசில் வராம இந்த வண்டி நவுறாதுங்க" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி.

எனக்கும் கேட்டது. டிரைவர் பக்கத்து ஜன்னலில் போய் ஒரு டீயை நீட்டினேன்.

"மாதப்பா, நீ வுட்டுட்டுப் போனது வலிச்சுதுப்பா. எழுதிக் குடுத்தது அதுக்கு மேல வலிச்சுது. ஆனா நான் மன்னிச்சுட்டேன். மனசுல ஒண்ணும் இல்ல."

அவர் டீயை வாங்கினார், குடிக்கவில்லை. "மன்னாப்பு கேக்கோணும்னு தெனமும் நெனைப்பேனுங்கண்ணா. உங்க மூஞ்சியைக் கண்ணாடியில பாத்தா வாய் வராது. இதைக் கேக்காமயே ஊருக்குப் போயிருவனோன்னு பயந்துட்டு இருந்தனுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மொதல்ல ஏறுங்க, பின்னாடி வண்டிக்காரன் அழுவுறான்."

ஏறி விசிலை வாயில் வைத்தேன். ஊத முடியவில்லை, சிரிப்புதான் வந்தது. மாதப்பனோ கண்ணாடியில் என்னையே பார்த்தபடி கியரைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார். காவேரியக்கா கூடையில் இருந்து ஒரு முழம் பூவை எடுத்து ஸ்டியரிங் மேலே இருந்த சாமி படத்துக்குப் போட்டார். "இனிமே நீங்களே பேசிக்குங்க, எனக்கு ரிட்டயர்மென்ட்டு" என்றார். ஒருவழியாக இரண்டு விசில் கொடுத்தேன். தருமபுரி வரை நாங்கள் பேசிய பேச்சில் அன்று இரண்டு ஸ்டாப்பில் நிறுத்த மறந்தோம். திட்டு வாங்கினோம்.

புதிதாக விசில் வாங்கியிருக்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். மனசுக்குள் மன்னித்தால் உங்களுக்குத்தான் பாரம் குறையும். வாயால் சொன்னால்தான் எதிரில் இருப்பவரும் கிளம்ப முடியும்.

அன்றைய லேட்டுக்கு டிப்போவில் விளக்கம் கேட்டார்கள். மாதப்பன் எழுதிக் கொடுத்தார்: "கண்டக்டர் டீ வாங்கப் போயிருந்தார். எனக்கும் சேர்த்து. காத்திருந்தேன்."