ரோடு தாண்டாத நடை

என் சித்திக்கு ரத்தம் எடுக்கிற வேலை. விடிந்தும் விடியாததுமாகப் பரிசோதனை நிலையத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். வெறும் வயிற்றோடு கொட்டாவி விட்டுக்கொண்டு வருகிறவர்களின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, "கையை இறுக்கி மூடுங்க, அந்தப் பக்கம் பாருங்க, அவ்வளவுதான்" என்று சொல்லி முடிப்பதற்குள் ஊசி உள்ளே போய் வெளியே வந்திருக்கும். மயங்கிச் சரிகிற ஆட்களை ஒரு தோளால் தாங்கிக்கொண்டே குப்பியில் பெயர் எழுதுவார். வெளியாட்களிடம் அவ்வளவு பொறுமை. மத்தியானம் வீடு திரும்பும்போது அது சுத்தமாகத் தீர்ந்துபோயிருக்கும் என்பது எனக்கும் சித்தப்பாவுக்கும்தான் தெரியும். நான் அப்போது அவர்கள் வீட்டு மாடி அறையில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

சித்தப்பா பஸ் டிரைவர். ஒரு மழை நாளில், நிறுத்தியிருந்த இரண்டு லாரிகளுக்கு நடுவிலிருந்து ஓடி வந்த ஒரு ஆள் அவருடைய பஸ்ஸில் அடிபட்டு இறந்துபோனார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் டிரைவர்மேல் தப்பில்லை என்றுதான் சொன்னார்கள். ஆனாலும் விசாரணை முடிகிறவரை வண்டியைத் தொடக் கூடாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கொஞ்ச நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதையாவது பொறுத்துக்கொண்டிருக்கலாம் என்பார் சித்தி. அதற்கப்புறம் வீட்டைப் பார்க்க ஆரம்பித்தார். தூங்குவதற்கு மட்டும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த மனிதருக்கு, இப்போது ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. அடுப்பு ஏன் இவ்வளவு பெரிதாக எரிகிறது? கதவு ஏன் சத்தம் போடுகிறது? துணியை ஏன் அந்தக் கொடியில் காயப்போட்டாய்? ஒருநாள் சித்தி வேலைக்குப் போயிருந்தபோது அலமாரி டப்பாக்களை எல்லாம் உயர வாரியாக மாற்றி அடுக்கிவிட்டார். மத்தியானம் களைத்து வந்த சித்தி பழக்க தோஷத்தில் கையை நீட்டி டீயில் உப்பைப் போட்டார்.

"ஏங்க, உங்களுக்கு என்னதான் வேணும்? சொல்லித் தொலைங்க!"

"ஒழுங்கா அடுக்கி வச்சேன். அது தப்பா?"

வீட்டுக்குள் இத்தனை அதிகாரம் செய்த மனிதர் வாசல் கேட்டைத் தாண்டி ஒரு அடி வைக்கவில்லை. பால் வாங்க, பிளம்பரைக் கூட்டிவர, கரன்ட் ஆபீஸுக்குப் போக, எல்லாவற்றுக்கும் சித்திதான்.

அப்படி ஒரு சாயங்காலம்தான் பார்லர்க்காரம்மா வந்து நின்றார். தெருமுனையில் பெண்களுக்கான பார்லர் நடத்துகிறவர், சித்தியின் சிநேகிதி. "உன் மூஞ்சியக் கண்ணாடில பாத்தியா? என் கடைக்கு இந்த மூஞ்சியோட வந்தா நானே திருப்பி அனுப்பிடுவேன். கிளம்பு, நடந்துட்டு வரலாம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வழியில் சிமென்ட் அக்காவும் சேர்ந்துகொண்டார். கட்டடச் சாமான் கடையில் கல்லாவில் உட்காருகிறவர் என்பதால் அந்தப் பெயர். பேச்சும் அப்படித்தான், இறுகிப்போயிருக்கும்.

நடை சித்திக்கு நிம்மதியாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். திரும்பி வந்ததும் என்னிடம் கொட்டித் தீர்ப்பார். "ஒருத்தி வாய மூட மாட்டா, இன்னொருத்தி வாயத் தொறக்க மாட்டா. அவ கடைக்குக் கடை நிப்பா, இவ ரயிலப் பிடிக்கிற மாதிரி ஓடுவா. நடுவுல நான் ரெண்டு பக்கமும் கத்திக்கிட்டுப் போறேன். இதுக்குப் பேரு நடையா?" ஆனால் மறுநாள் வெயில் தாழ்ந்ததும் முதல் ஆளாக ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்.

ஒருநாள் பள்ளிக்கூட மதில் ஓரமாகப் போகும்போது, சித்தி எங்கேயும் சொல்லாததைச் சொன்னார். பிற்பாடு அவரே எனக்குச் சொன்னதுதான். "செத்துப்போன அந்த ஆள் மேல எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது. பாவம், அவனுக்கும் வீட்டுல ஆள் இருக்கும். எனக்குத் தெரியாமலா இருக்கு? ஆனாலும் வருது. ரோட்டைப் பாத்து வந்திருக்கக் கூடாதா அவன்?"

திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார். முன்னால் போய்க்கொண்டிருந்த சிமென்ட் அக்கா திரும்பிப் பார்த்து, "வரத்தான் செய்யும்" என்றார்.

"அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்லணும்?"

சித்திக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உருட்டாமல் சமைத்தார்.

அதைச் சித்தப்பாவால் தாங்க முடியவில்லை. "நான் இங்க இப்படிக் கெடக்கேன். நீ தினம் ஊரைச் சுத்திச் சிரிச்சுட்டு வர்ற."

"சிரிக்கலீங்க. கத்திட்டு வர்றேன். இங்க கத்துனா உங்களுக்கு நெஞ்சு அடைக்கும்னு அங்க போய்க் கத்திட்டு வர்றேன்."

மறுநாள் சித்தியின் ஷூவைக் காணோம். கேட்டதற்கு, "தூசி படியுதுன்னு பரண்ல போட்டேன்" என்றார் சித்தப்பா, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். ஏணி வைத்து ஏறினால்தான் எட்டும். சித்தி குளியலறை ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, பளக் பளக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். சிமென்ட் அக்கா அந்தச் செருப்பைப் பார்த்தார். சித்தியின் முகத்தைப் பார்த்தார். நேராக உள்ளே வந்து சித்தப்பாவின் முன்னால் நின்றார்.

"தம்பி, நீயும் வா."

"எனக்கு வேண்டாங்க்கா."

"வேணுமா வேண்டாமான்னு கேக்கல. வான்னு சொன்னேன்."

அந்தக் குரலுக்கு லாரி லாரியாக மணல் இறக்குகிறவர்களே மறுபேச்சுப் பேச மாட்டார்கள். சித்தப்பா எழுந்து சட்டையை மாட்டினார்.

தெருக்கோடி வரை ஒழுங்காக வந்தார். அங்கே பெரிய ரோட்டைத் தாண்ட வேண்டும். சிக்னலில் நடக்கிற ஆளின் பச்சை உருவம் வந்தது. மூன்று பெண்களும் இறங்கினார்கள். சித்தப்பா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிவப்பு விழுந்தது. மறுபடியும் பச்சை, மறுபடியும் சிவப்பு. பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள்.

"ஏங்க, வாங்கன்னா! எத்தனை தடவைதான் இறங்கி ஏறுறது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார் சித்தி. பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஊசியைப் பார்த்து நடுங்குகிற எத்தனையோ கைகளைப் பிடித்த விரல்கள் அவை. நாடி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. உள்ளங்கை ஈரமாகச் சில்லிட்டிருந்தது.

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்ல வேண்டியதுதானே? சர்க்கரை டப்பாவ ஏன் மாத்துறீங்க?"

சித்தப்பா ரோட்டையே பார்த்தார். "அவன் என்னைப் பாத்தான்" என்றார்.

"யாரு?"

"அந்த ஆளு. பிரேக்கைப் போட்டு மிதிச்சிட்டேன், வண்டி நிக்கல. அப்போ ஒரு தடவை என்னை நேராப் பாத்தான். நான் நிறுத்திடுவேன்னு நம்பின மாதிரி."

விசாரணையில்கூட அவர் அதைச் சொல்லவில்லை. சித்தி பிடித்த மணிக்கட்டை விடவில்லை. பார்லர்க்காரம்மா மூக்கை உறிஞ்சினார். சிமென்ட் அக்கா கொஞ்சநேரம் வண்டிகளைப் பார்த்துவிட்டு, "சரி, ரோடு தாண்ட வேண்டாம். இப்படியே திரும்பு" என்றார்.

அன்றிலிருந்து நாலு பேரும் ரோடு தாண்டாமல் தங்கள் வீடுகளைச் சுற்றிப் போகிற அந்த நாலு தெருக்களையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். "அதே கேட்டு, அதே குப்பைத்தொட்டி, அதே நாய். அதுக்கே நம்மளப் பாத்து அலுத்துப்போச்சு, குரைக்கிறத நிறுத்திடுச்சு" என்று பார்லர்க்காரம்மா புலம்பினார். சித்தப்பா முதலில் இரண்டடி பின்னால் வந்தார். பிறகு கூடவே வந்தார். பிறகு வாயும் திறந்தார். எவன் காரைக் கோணலாக நிறுத்தியிருக்கிறான், யார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வழிகிறது, எந்த வேகத்தடை தப்பான இடத்தில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறை சொன்னார். "வீட்டோட நின்னுக்கிட்டிருந்தது, இப்போ தெருவுக்கே வந்துடுச்சு" என்று சித்தி தலையில் அடித்துக்கொண்டார்.

ரோட்டைத் தாண்டியதும் ஒரு தற்செயல்தான். பார்லர்க்காரம்மா தன் நாத்தனார், மகளுக்குப் பார்த்த வரன் வீட்டாரோடு போட்ட சண்டையைச் சொல்லிக்கொண்டே வந்தார். கதை சூடு பிடித்த இடத்தில், கவனமில்லாமல், நடக்கிறவர்களுக்குப் பச்சை விழுந்த ரோட்டில் இறங்கிவிட்டார். சித்தப்பா, "அப்புறம் அந்த மாப்பிள்ளை என்ன சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனார். எதிர்ப்பக்க நடைபாதையில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. திரும்பிப் பார்த்து, முகம் வெளுத்து, மூடிக் கிடந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தார். கொஞ்சநேரம் கழித்துத் தண்ணீர் கேட்டார். யாரும் கைதட்டவில்லை. சிமென்ட் அக்கா பாட்டிலை நீட்டினார்.

விசாரணையில் தப்பில்லை என்று தீர்ப்பாயிற்று. ஆனாலும் சித்தப்பா ஸ்டியரிங் பக்கம் திரும்பவில்லை. கேட்டு வாங்கி டெப்போவில் டிரைவர்களுக்கு டூட்டி போடுகிற அறைக்குப் போனார். இப்போது அங்கே எல்லோரையும் குறை சொல்கிறார். மழை பெய்தால் மட்டும் அன்றைக்குப் பேச்சு குறைந்துவிடும். சித்தியும் அதை நோண்டுவதில்லை. வேலையிலிருந்து களைத்து வருவதால் நடைக்குச் சித்தப்பா வருவதில்லை. "அப்பாடா" என்று சித்தி சொன்னது என் காதில் விழுந்தது.

போன வாரம் சித்தியைப் பார்க்கப் போயிருந்தேன். இப்போது சிமென்ட் அக்காவுக்கு முழங்கால் வீக்கம். ரயில் வேகம் போய்விட்டது. "மெதுவா நடன்னா கோவிச்சுக்கறா, உக்காருன்னா மொறைக்கறா, டாக்டர்கிட்ட வான்னா கடையில ஆள் இல்லங்கறா. இந்த ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு நான் என்ன பாடு படறேன் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே, அக்காவுக்குக் கட்ட ஒரு முழங்கால் பட்டையைப் பையில் திணித்தார் சித்தி. நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், வாசலில் பார்லர்க்காரம்மாவின் குரல் கேட்டுக் கிளம்பிப் போய்விட்டார்.