நன்றி சொல்லியே துரத்தினோம்

போன வாரம் ஒரு பள்ளிக்கூட விழாவில் என் தோளில் பொன்னாடை போர்த்தினார்கள். பாச்சை உருண்டை நெடி குப்பென்று மூக்கில் ஏறியது. எனக்கு முன்னால் எத்தனை தோள் பார்த்த ஆடையோ! தும்மலை அடக்கிக்கொண்டு நின்றதில், போட்டோவில் அழுகிற மாதிரி விழுந்திருக்கிறேன். பார்த்தவர்கள் ‘சார் நெகிழ்ந்துபோய்ட்டார்’ என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்குப் பொன்னாடை என்றாலே எரிச்சல்தான். அது ஏகாம்பரத்தால் வந்த எரிச்சல்.

ஏகாம்பரம் எங்கள் சின்ன காஞ்சிபுரத்துத் தெருக்காரர். மீசை முளைக்கும் முன்பே கடற்படையில் சேர்ந்து, கப்பலின் அடிவயிற்றில் இன்ஜின் அறையில் பதினைந்து வருஷம் வெந்தவர். எழுபத்தொன்றில் நடந்த பாகிஸ்தான் சண்டை முடிந்து, அவருடைய தவணையும் முடிந்து, ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். எத்தனை தரம் குளித்தாலும் அவர்மேல் லேசாக டீசல் வாசனை அடிக்கும். இன்றைக்கும் லாரி ஷெட்டைத் தாண்டிப் போனால் எனக்கு அவர் ஞாபகம் வந்துவிடும்.

அவருக்கு ஒரே மகள், கற்பகம். அப்போது பதினோரு வயது. அவருடைய மச்சான் வீட்டு நிழலில் அம்மாவோடு வளர்ந்த அந்தப் பெண்ணுக்கு அப்பா என்றால் லீவில் வருகிறவர், மிட்டாய் டப்பா கொண்டுவருகிறவர், போய்விடுகிறவர். அன்றைக்கும் பெட்டியைக் கீழே வைப்பதற்குள், “எப்பப்பா போவ?” என்றது.

“இனிமே போவ மாட்டேம்மா.”

அது நம்பவில்லை. பெட்டியைத் திறந்து துணியெல்லாம் வெளியே எடுத்து வைத்த பிறகுதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததாம். இதை என்னிடம் சொல்லும்போது அவர் சிரிக்கத்தான் பார்த்தார், சிரிப்பு சரியாக வரவில்லை.

நான் அப்போது நெசவாளர் சங்கம் ஒன்றில் குமாஸ்தா. சங்கத்துச் சாயப்பட்டறைக்குப் புதிதாக பாய்லரும் பம்புசெட்டும் வந்திருந்தன. பார்த்துக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருந்தோம். ஏகாம்பரத்துக்குச் சேதி தெரிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். “சைக்கிள்ல போய்க்கினு வந்துக்கினு இருக்கணும்பா. மத்தியானம் வூட்டு சோறு. சாய்ந்தரம் பொண்ணு பாடம் படிக்கறத பாத்துக்கினு ஒக்காரணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.” இதைவிடச் சின்ன ஆசை ஒரு மனிதனுக்கு இருக்க முடியுமா, சொல்லுங்கள்?

ஆனால் ஊர் அவருக்குப் பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டுவிட்டது. பாராட்டு விழா! பட்டு நெய்கிற ஊர் கடையில் துண்டு வாங்கிப் போர்த்துமா? தனியாகத் தறி பூட்டி, ஜரிகையில் கப்பல் படம் போட்டு ஒரு சால்வை நெய்தார்கள். டிசைன் வரைந்தவர் கடலை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அவர் அறிந்து தண்ணீரில் மிதப்பது பெருமாள் கோயில் தெப்பம் ஒன்றுதான். ஆகவே கப்பலுக்கு நாலு தூண், மேலே கலசம், சுற்றிலும் மாவிலைத் தோரணம், நடுவில் ஒரு பீரங்கி. ஏகாம்பரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏம்பா, இதுல ஏறி சண்ட போடறதா, சேவிச்சிக்கறதா?” என்று என் காதில் கேட்டார்.

விழாவில் வரவேற்பு இதழ் வாசித்தது அடியேன்தான். ‘அலைகடல் அரிமா, ஆழியின் ஆண்மகன்’ என்றெல்லாம் அடுக்கியிருந்தேன், இப்போது நினைத்தால் கூசுகிறது. எனக்குப் பின்னால் பேசியவர் இன்னும் மோசம். ஏகாம்பரம் இமயமலைப் பனியில் நின்று எதிரியை விரட்டியதாகச் சொன்னார். கப்பல் எப்படி மலை ஏறியது என்று யாருமே கேட்கவில்லை. கைதட்டினார்கள்.

கடைசியில் ஏகாம்பரம் மைக்கைப் பிடித்தார். பேசிப் பழக்கமில்லாதவர், நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார். “எல்லாருக்கும் நன்றிங்க. எனக்கு ஒரே ஒரு ஒத்தாசதான் வேணும். நம்ம சங்கத்து சாயப்பட்டறையில பம்புசெட்டு வேல காலியா இருக்குது. அத எனக்கு குடுத்தீங்கன்னா, ஊர்லயே இருந்துடுவேன்.”

அப்புறம் எழுந்தது பாருங்கள் ஒரு கைதட்டல்! சங்கத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே மைக்கை வாங்கினார். “பாத்தீங்களா, இன்னா அடக்கம்! இன்னா பணிவு!” மறுபடியும் கைதட்டல். ஏகாம்பரம் ஏதோ சொல்லக் கையைத் தூக்கினார். அந்தக் கைக்குள் ஒரு எலுமிச்சம்பழத்தைத் திணித்து உட்கார வைத்தார்கள்.

மறுநாள் தலைவரிடம் போய், “அவர் நெசமாத்தாங்க கேட்டார்” என்றேன். தலைவர் கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டமே. “இன்னா பேசற நீ? நாட்டக் காப்பாத்துன கையில எண்ணெ கேன குடுத்தா ஊரு காறித் துப்பாதா? நாளைக்கி பாய்லர் நின்னுச்சின்னா, ‘இன்னாய்யா தூங்கறியா’ன்னு அவர யாரு கேக்கறது? திட்ட முடியாத ஆள வேலைக்கி வெச்சிக்க முடியுமாப்பா?” வேலை வேறொருவருக்குப் போயிற்று. நான் தலைகீழாக நின்று பார்த்தேன். சம்பளம் வாங்குகிற குமாஸ்தா எவ்வளவு நேரம் தலைகீழாக நிற்க முடியும்?

ரைஸ் மில்லில் கேட்டார். முதலாளி எழுந்து நின்று நாற்காலி போட்டார், காபி வரவழைத்தார், வாசல்வரை வந்து வழியனுப்பினார். ஐயம்பேட்டை பக்கம் ஒரு பம்புசெட் ஒர்க்‌ஷாப்பிலும் அதே காபி. நடுவில் விழாவுக்கு மட்டும் குறைச்சலே இல்லை. கொடியேற்றம், பரிசளிப்பு, ஒரு சலூன் திறப்புக்குக்கூட ரிப்பன் வெட்டினார். “எல்லாரும் ஒக்காருங்கன்றாங்களே ஒழிய, ஒருத்தனும் வேல செய்யுன்னு சொல்ல மாட்றாம்பா” என்று ஒரு நாள் என்னிடம் கத்தினார். கோபம் என்மேல் இல்லை என்று தெரியும். ஆனாலும் தலை குனிந்துகொண்டேன்.

வருஷம் திரும்புவதற்குள் மதராஸ் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பலில் இன்ஜின் அறைக்கு ஆள் எடுத்தார்கள். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. உடனே வேலை கொடுத்துவிட்டார்கள். சேதி கேட்டதும் எங்கள் தெரு என்ன செய்தது தெரியுமா? வழியனுப்பு விழா ஏற்பாடு செய்தது! பந்தல் போட்டு, மைக் கட்டி, மாலையோடு காத்திருந்தோம். அவர் காலை முதல் பஸ்ஸிலேயே போய்விட்டிருந்தார். ஆனாலும் விழா நின்றதா? காலி நாற்காலியில் மாலையைச் சாத்திவிட்டு, வழக்கம்போல் எல்லோரும் பேசினார்கள்.

இப்போது அந்தச் சாயப்பட்டறை இல்லை. மேடை போட்ட இடத்தில் பட்டுக்கடைக்கு வருகிறவர்களின் கார்கள் நிற்கின்றன. மேடையில் பேசியவர்களில் என்னைத் தவிர ஒருவரும் உயிரோடு இல்லை. தெருவில் நாலு பேரிடம் கப்பல்கார ஏகாம்பரம் என்று சொல்லிப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை. கற்பகத்தின் படிப்பும் வளர்ப்பும் மறுபடி மச்சான் கைக்கே போனதும், அந்தக் குழந்தை பெரியவளானதும் அவர் இல்லாமலே நடந்து முடிந்த காரியங்கள்.

எழுபதுகளின் கடைசியில் கற்பகத்துக்குக் கல்யாணம். கப்பல் துறைக்கு வரத் தாமதமாகிவிட்டது, முகூர்த்தம் காத்திருக்குமா? மச்சானே உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுத்துவிட்டார். ஏகாம்பரம் பையும் கையுமாக மண்டபத்துக்குள் நுழைந்தபோது பந்தி ஆரம்பித்திருந்தது. அடையாளம் தெரிந்த யாரோ ஓடிப்போய் முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை. மொய் எழுத நின்றவர்களோடு தானும் வரிசையில் நின்று, மேடையேறி, மகள் தலையில் கையை வைத்தார்.

கற்பகம் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும் கூச்சத்தோடு, மரியாதையாகச் சொன்னாள்:

“இவ்ளோ தூரம் வந்தீங்களே, ரொம்ப நன்றிப்பா.”